பராமரிப்பில் வளர்ந்தோர் உரிமை இயக்கம்

பராமரிப்பில் வளர்ந்தோர் உரிமை இயக்கம் என்பது, பெற்றோரைப் பிரிந்து குழந்தைகள் இல்லங்களிலோ வளர்ப்புக் குடும்பங்களிலோ வளரும் சிறுவர்களும், அங்கு வளர்ந்து வெளியேறிய இளையோரும், தம் வாழ்வைப் பற்றிய முடிவுகளில் தமக்கும் பங்கு வேண்டும் எனக் கோரி நடத்திவரும் முயற்சிகளைக் குறிக்கும். இவ்வியக்கம் 1970களில் ஐக்கிய இராச்சியத்தில் வலுப்பெற்றது. பின்னர் கனடா, ஐக்கிய அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் இத்தகைய அமைப்புகள் தோன்றின. இந்தியாவில் இது 2010களில்தான் தனி இயக்கமாக உருப்பெறத் தொடங்கியது.

இந்தியாவில் இத்தகைய சிறுவர்களுள் மிகச் சிலரே வளர்ப்புக் குடும்பங்களில் வளர்கின்றனர். பெரும்பாலோர் இல்லங்களிலேயே வளர்கின்றனர். ஆகவே 18 வயது நிறைந்ததும் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டிய நிலையே இங்கு மையச் சிக்கலாக உள்ளது. ஆதரவற்ற குழந்தையைப் பேணுவது கொடையாளரின் கருணையா, அன்றிக் குழந்தையின் உரிமையா என்பது இவ்வியக்கம் எழுப்பும் அடிப்படைக் கேள்வியாகும்.

சொற்களும் வரையறைகளும்

இத்துறையில் வழங்கும் சில சொற்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுவதுண்டு. அவற்றின் வேறுபாடுகள் வருமாறு:

தத்தெடுப்பு: குழந்தை சட்டப்படி புதிய பெற்றோரின் பிள்ளையாகிறது. இவ்வுறவு நிலையானது.

வளர்ப்புக் குடும்பப் பராமரிப்பு: குழந்தை மற்றொரு குடும்பத்தில் குறிப்பிட்ட காலம் வளர்கிறது. அக்குடும்பத்திற்கு அரசு உதவித்தொகை வழங்கும். பிறப்புக் குடும்பத்துடனான சட்ட உறவு முறிவதில்லை.

குழந்தைகள் இல்லம்: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் என மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்தவர்கள் தங்கும் இடம். இது அரசால் அல்லது தொண்டு நிறுவனத்தால் நடத்தப்படும். பேச்சு வழக்கில் இதனை அனாதை இல்லம் என்பர். ஆயினும் இங்கு வளர்வோர் அனைவரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர்.

பிற்காப்பு: இல்லத்திலிருந்து வெளியேறியவருக்குக் குறிப்பிட்ட வயது வரை தங்குமிடம், கல்வி, தொழிற்பயிற்சி, நிதி ஆகியவற்றில் தொடர்ந்து அளிக்கப்படும் உதவி.

மாணவர் விடுதி இவற்றிலிருந்து வேறுபட்டது. எடுத்துக்காட்டாக, சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் 1916ஆம் ஆண்டில் நிறுவிய நந்தனார் கல்விக் கழகம், ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகள் தங்கிப் பயில வழிவகுத்தது. அங்குப் பயின்ற பிள்ளைகளுக்கு வீடும் பெற்றோரும் இருந்தனர்; இல்லாதிருந்தது கல்விக்கான வாய்ப்பே ஆகும். விடுமுறையில் திரும்பிச் செல்ல வீடு உள்ளவர் விடுதி மாணவர். அவ்வாறு செல்ல வீடு இல்லாதவரோ, இருந்தும் அங்குப் பாதுகாப்பாக வாழ இயலாதவரோ இல்லத்துக் குழந்தை. எனினும் நடைமுறையில் இந்த எல்லை தெளிவாக இருப்பதில்லை. வறுமையின் காரணமாகவே இல்லங்களில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் பலர் உள்ளனர்.

இல்லத்தில் அல்லது வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்து வெளியேறியவர் ஆங்கிலத்தில் 'கேர் லீவர்' எனப்படுகிறார். இக்கட்டுரையில் அவர்கள் 'பராமரிப்பில் வளர்ந்தோர்' எனக் குறிக்கப்படுகின்றனர்.

தமிழகப் பின்னணி

இந்தியாவில் குழந்தைகளுக்கெனத் தனியாக இயற்றப்பட்ட முதல் மாகாணச் சட்டம் 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டமாகும். வங்காளம் 1922ஆம் ஆண்டிலும் பம்பாய் 1924ஆம் ஆண்டிலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. குற்றம் புரிந்த சிறுவர்களைச் சிறையிலிருந்து விலக்கி வைப்பதும், ஆதரவற்றோரைப் பள்ளிகளிலும் இல்லங்களிலும் சேர்ப்பதும் இச்சட்டங்களின் நோக்கங்களாகும். குழந்தையின் கருத்தைக் கேட்பது என்னும் எண்ணம் அக்காலச் சட்டங்களில் இடம்பெறவில்லை.

தொண்டு நோக்கிலான இல்லங்களும் அக்காலத்தில் பெருகின. சென்னையில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லத்தை நிறுவினார். தேவதாசி முறையிலிருந்து விலக விரும்பிய இளம்பெண்கள் தங்க இடமின்றி அவரது வீட்டை நாடி வந்தமையே அதன் தொடக்கம் எனக் கூறப்படுகிறது. சென்னையின் பால மந்திர் 1949ஆம் ஆண்டில் காமராசரின் ஆதரவுடன் தொடங்கப்பட்டது.

இத்தகைய இல்லங்களின் வரலாறு பெரும்பாலும் நிறுவனர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வை இல்லத்தின் கதவைத் தட்டிய பெண்களே முதல் அடியை எடுத்து வைத்தவர்கள் என்றாலும், நிறுவனரின் பெயர் நிலைத்த அளவிற்கு அவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. இல்லத்தில் வளர்ந்தோர் தாமே பேசத் தொடங்கிய பின்னரே இவ்வரலாற்றின் மறுபக்கம் பதிவாகத் தொடங்கியது.

தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் இடம் அளிக்கப்பட்டுள்ளமை குறிப்பிடத்தக்கது. பத்து வயதிற்கு முன் பெற்றோரை இழந்து, பேணுவதற்கு வேறு எவரும் இன்றி, அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்பளித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட குழந்தைகள் இதன்கீழ் வருவர். வேறு மாநிலங்களில் போராடிப் பெற வேண்டியிருந்த ஓர் ஏற்பு இது. ஆனால் இதன் நிபந்தனைகள் கடுமையானவை. தாய் அல்லது தந்தை உயிருடன் உள்ளவர்களும், பத்து வயதிற்குப் பின் பெற்றோரை இழந்தவர்களும் இதனுள் அடங்குவதில்லை.

உலக அளவில் இயக்கத்தின் வளர்ச்சி

ஐக்கிய இராச்சியம்

இங்கிலாந்தின் லீட்சு நகரில் 1973ஆம் ஆண்டில் இல்லத்துச் சிறுவர்களின் 'ஆட்-லிப்' என்னும் குழு தோன்றியது. 1975ஆம் ஆண்டில் தேசியச் சிறுவர் பணியகம், பராமரிப்பில் உள்ள இளையோரை ஒன்றுகூட்டி அவர்களின் கருத்துகளைக் கேட்டது. அவர்கள் கூறியவை 1977ஆம் ஆண்டில் நூலாக வெளியாயின. இதன் தொடர்ச்சியாக 1979ஆம் ஆண்டில் பராமரிப்பில் உள்ள இளையோரின் தேசியச் சங்கம் உருவானது. இச்சங்கம் இளையோரால் நடத்தப்பட்டது.

இச்சங்கம் எழுப்பிய சிக்கல்கள் வெளியாருக்குச் சிறியனவாகத் தோன்றக்கூடும். அவற்றுள் ஒன்று துணி வாங்கும் முறை ஆகும். இல்லத்துச் சிறுவர்கள் பணம் கொடுத்துத் துணி வாங்க இயலாது. உள்ளாட்சி மன்றத்தின் கொள்முதல் சீட்டைக் கடையில் நீட்ட வேண்டும். இதனால் அவர் இல்லத்துப் பிள்ளை என்பது கடையில் உள்ள அனைவருக்கும் தெரிந்துவிடும். இம்முறையை ஒழிக்க வேண்டும் எனச் சங்கம் கோரியது. தம்மைப் பற்றிய ஆய்வுக் கூட்டங்களில் தாமும் அமர வேண்டும் என்பது மற்றொரு கோரிக்கையாகும். 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், முடிவெடுக்கும் முன் குழந்தையின் விருப்பத்தை அறிய வேண்டும் என விதித்தது.

அதே 1989ஆம் ஆண்டில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் முதன்மையான ஒரு தீர்ப்பை வழங்கியது. லிவர்பூலில் பராமரிப்பில் வளர்ந்த கிரகாம் காசுகின் என்பவர், தம் இளமைக்காலம் குறித்த அரசுக் கோப்புகளைப் பார்க்க விரும்பினார். அவற்றில் ஒரு பகுதி அவருக்கு மறுக்கப்பட்டது. இம்மறுப்பைத் தனியாக ஆராய்வதற்குச் சார்பற்ற அமைப்பு எதுவும் இல்லாதது, தனிவாழ்வுக்கான அவரது உரிமையை மீறியது என நீதிமன்றம் கூறியது. பெற்றோருடன் வளர்ந்தவர் தம் குழந்தைப் பருவத்தை அவர்களிடம் கேட்டு அறியலாம். இல்லத்தில் வளர்ந்தவருக்குக் கோப்பு ஒன்றே அதற்கு வழியாகும்.

இங்கிலாந்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டம், வெளியேறிய இளையோருக்கு 21 வயது வரை உதவும் கடமையை உள்ளாட்சி மன்றங்கள் மீது சுமத்தியது. 2017ஆம் ஆண்டின் சட்டம் ஆலோசகர் உதவியை 25 வயது வரை நீட்டித்தது.

கனடா, ஐக்கிய அமெரிக்கா, ஆஸ்திரேலியா

கனடாவில் 1985ஆம் ஆண்டில் பராமரிப்பில் உள்ள இளையோரின் தேசிய வலையமைப்பு நிறுவப்பட்டது. ஒண்டாரியோ மாகாணத்தில் 2011 நவம்பரில், பராமரிப்பில் வளர்ந்த இளையோர் சட்டமன்றக் கட்டிடத்திலேயே பொது விசாரணை நடத்தித் தம் பட்டறிவை முன்வைத்தனர். இதன் விளைவுகளுள் ஒன்றாக, மே 14ஆம் நாளைப் பராமரிப்பில் உள்ள சிறுவர்-இளையோர் நாளாக அறிவிக்கும் சட்டம் 2014ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் வளர்ப்புக் குடும்ப முறையே பெருவழக்காகும். அங்கு 1988ஆம் ஆண்டில் 'கலிபோர்னியா யூத் கனெக்சன்' என்னும் இளையோர் அமைப்பு தொடங்கப்பட்டது. 2008ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், பராமரிப்பை 21 வயது வரை நீட்டிக்க மாநிலங்களுக்கு வழிவகுத்தது. கலிபோர்னியா 2010ஆம் ஆண்டில் அதற்கான சட்டத்தை இயற்றியது.

ஆஸ்திரேலியாவில் இல்லங்களில் வளர்ந்து முதியோராகிவிட்டவர்களும் இயக்கத்தில் பங்கேற்றனர். அங்கு நேர்ந்த கொடுமைகளுக்காக 2009 நவம்பர் 16 அன்று தலைமை அமைச்சர் கெவின் ரட் நாடாளுமன்ற வளாகத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

ஐக்கிய நாடுகள் அவை

1989ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் அனைத்திலும் கருத்துக் கூறும் உரிமையைக் குழந்தைகளுக்கு அளிக்கிறது. இந்தியா இவ்வுடன்படிக்கையை 1992 டிசம்பரில் ஏற்றது. 2009ஆம் ஆண்டில் பொதுப்பேரவை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், பிற்காப்பைப் பற்றியும் தனியாகக் கூறுகின்றன. இல்லத்தை விட்டு வெளியேறுவதற்கான ஆயத்தம், வெளியேறும் நாளுக்கு நெடுமுன்பே தொடங்க வேண்டும் என்பது அவற்றின் கருத்தாகும்.

இந்தியாவில் இயக்கம்

முன்னோடிகள்

இந்தியாவில் சிறுவர்கள் தாமே அமைப்பாகத் திரண்ட முதல் முயற்சிகள் இல்லங்களிலிருந்து தோன்றவில்லை. தெருவிலும் பணியிடத்திலும் தோன்றின. பெங்களூரில் 1990ஆம் ஆண்டில் உழைக்கும் சிறுவர்களின் அமைப்பான பீமா சங்கம் உருவானது. 1996ஆம் ஆண்டில் கருநாடகத்தின் குந்தாப்பூரில் உழைக்கும் சிறுவர்களின் முதல் பன்னாட்டுக் கூட்டம் நடைபெற்றது. தம்மைப் பற்றிய முடிவுகளில் தம்மையும் கலந்தாலோசிக்க வேண்டும் என அக்கூட்டம் கோரியது.

இல்லத்துச் சிறுவர்களுக்கு இவ்வாறு திரள்வது எளிதன்று. அவர்கள் வெளியுலகுடன் தடையின்றிப் பழக இயலாது. குறை கூறினால் உணவும் உறைவிடமும் பறிபோகுமோ என்ற அச்சமும் உண்டு. எவரிடம் முறையிட வேண்டுமோ அவரே பாதுகாவலராக இருப்பது இச்சிக்கலை மேலும் கடுமையாக்குகிறது.

சட்டங்கள்

1986ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானதாக அமைந்தது. அதனை 2000ஆம் ஆண்டின் சட்டம் மாற்றீடு செய்தது. இதன்கீழ் 2007ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மாதிரி விதிகள், ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தைகள் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் எனக் கூறின. 6 முதல் 10, 11 முதல் 15, 16 முதல் 18 என மூன்று வயதுப் பிரிவினருக்குத் தனித்தனிக் குழுக்கள் அமையும். அவற்றில் குழந்தைகள் மட்டுமே இடம்பெறுவர். இல்லத்தின் நிலையை மேம்படுத்துவதிலும் அன்றாட வாழ்வைத் திட்டமிடுவதிலும் இக்குழுக்கள் பங்கேற்க வேண்டும். இவ்வாறு, இங்கிலாந்தில் இளையோர் சங்கம் அமைத்துக் கோரிய பங்கேற்பு, இந்தியாவில் முதலில் விதியாகவே வந்தது. விதி முன்னே வந்ததால், பல இடங்களில் அதைப் பயன்படுத்தும் வலிமை பின்தங்கியே இருந்தது.

2016 ஜனவரி 15 அன்று நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், கருத்துக் கூறும் உரிமையை அடிப்படை நெறிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் அந்நெறிகளுள் ஒன்றாகும். 44ஆம் பிரிவு வளர்ப்புக் குடும்பத்தைப் பற்றியும், 46ஆம் பிரிவு பிற்காப்பைப் பற்றியும் கூறுகின்றன.

46ஆம் பிரிவின் ஒரு சொல் இயக்கத்தினரின் விவாதப் பொருளாக உள்ளது. 18 வயது நிறைந்து வெளியேறுவோருக்கு நிதியுதவி 'அளிக்கப்படலாம்' என்றே அப்பிரிவு கூறுகிறது; 'அளிக்கப்பட வேண்டும்' எனக் கூறவில்லை. எனவே உதவி கிடைக்காதவர் அதனை உரிமையாகக் கோரி வழக்காடுவது கடினமாகிறது. பிற்காப்பு பொதுவாக 21 வயது வரையிலும், தனிச் சூழல்களில் 23 வயது வரையிலும் அளிக்கப்படலாம்.

தமிழக இல்லங்கள் பற்றிய வழக்கு

தமிழகத்தின் இல்லங்களில் குழந்தைகள் கொடுமைக்கு உள்ளாவது குறித்த வழக்கு ஒன்று 2007ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கியது. 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா ஆகியோர் இதில் தீர்ப்பளித்தனர். அனைத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிறுவனங்களும் அவ்வாண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்கப்பட வேண்டும், இல்லங்கள் சமூகத் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்பன அதன் முதன்மை ஆணைகளாகும். தமிழகத்தில் தொடங்கிய வழக்கு, நாடு முழுவதும் உள்ள இல்லங்களுக்கான நெறிகளை வகுப்பதில் முடிந்தது.

நடுவண் அரசு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கெடுப்பு அறிக்கையின்படி, நாட்டில் 9,589 நிறுவனங்கள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 3.7 லட்சம் குழந்தைகள் தங்கியிருந்தனர். பெற்றோர் இருவரையும் இழந்தவர்களைவிடப் பெற்றோருள் ஒருவரை உடையவர்களின் எண்ணிக்கையே அவற்றில் மிகுதியாக இருந்தது. நிறுவனங்கள் மிகுந்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்றாகும்.

அம்ருதா கரவந்தேயும் மகாராட்டிர இட ஒதுக்கீடும்

இந்தியாவில் இல்லத்தில் வளர்ந்த ஒருவரின் கோரிக்கை அரசு ஆணையாக மாறியதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு அம்ருதா கரவந்தேயின் முயற்சியாகும். கோவாவில் உள்ள இல்லமொன்றில் வளர்ந்த இவர், 18 வயதில் அங்கிருந்து வெளியேறிப் புனேயில் கல்வியைத் தொடர்ந்தார். மகாராட்டிர அரசுப் பணித் தேர்வு எழுதியபோது, வருமான வரம்பு பற்றிய சான்றிதழ் அவரிடம் இல்லாததால் வாய்ப்பை இழந்தார். பெற்றோரின் வருமானத்தைக் காட்டுமாறு, பெற்றோர் இல்லாத ஒருவரிடம் விதிகள் கோரின.

அவர் இச்சிக்கலை மாநில முதலமைச்சரிடம் நேரில் முறையிட்டார். 2018 ஜனவரியில் மகாராட்டிர அமைச்சரவை, பெற்றோர் அற்றோருக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 1 விழுக்காடு இட ஒதுக்கீட்டை அறிவித்தது. இவ்வாணை பின்னர் திருத்தி விரிவாக்கப்பட்டது.

ஆய்வுகளும் வலையமைப்புகளும்

தில்லியில் 1994ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட உதயன் கேர் என்னும் தொண்டு நிறுவனம், பிற்காப்பு குறித்த ஆய்வுகளில் முன்னின்றது. 2019ஆம் ஆண்டில் யுனிசெப் உள்ளிட்டோரின் ஆதரவுடன் வெளியான ஆய்வு, தில்லி, குசராத்து, கருநாடகம், மகாராட்டிரம், இராசத்தான் ஆகிய ஐந்து இடங்களில் பராமரிப்பில் வளர்ந்தோரின் நிலையை அவர்களின் வாய்மொழி வழியாகவே ஆராய்ந்தது. இக்காலத்தில் தில்லியிலும் பிற இடங்களிலும் பராமரிப்பில் வளர்ந்தோரின் வலையமைப்புகள் உருவாயின. 2020 நவம்பரில் இணையவழியில் நடைபெற்ற பராமரிப்பில் வளர்ந்தோரின் பன்னாட்டு மாநாட்டில் இந்தியரும் பங்கேற்றனர்.

கடலூர் மாவட்டமும் ஆழிப்பேரலையும்

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலை, தமிழகத்தில் நாகப்பட்டினத்தை அடுத்துக் கன்னியாகுமரி, கடலூர் ஆகிய மாவட்டங்களைப் பெரிதும் தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடலூர் நகரை ஒட்டிய தேவனாம்பட்டினம், சிதம்பரம் அருகே பிச்சாவரம் பகுதியில் உள்ள எம். ஜி. ஆர். திட்டு முதலிய மீனவ ஊர்கள் பேரிழப்பைச் சந்தித்தன.

பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காகத் தமிழக அரசு நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி ஆகிய இடங்களில் சிறப்பு இல்லங்களைத் தொடங்கியது. குழந்தைகளின் பெயரில் வைப்புத்தொகையும் வைக்கப்பட்டது. குழந்தைகள் கடத்தப்படக்கூடும் என்ற அச்சத்தால், அவசரத் தத்தெடுப்பை அரசு அனுமதிக்கவில்லை. பல குழந்தைகள் பாட்டி, சித்தி, மாமா என உறவினர்களிடமே வளர்ந்தனர். சட்ட மொழியில் இது உறவினர் பராமரிப்பு எனப்படும். மீனவ ஊர்களில் இது சட்டம் கூறுவதற்கு முன்பே நிலவிவந்த வழக்கமாகும்.

இந்நிகழ்வு, பேரிடரில் பெற்றோரை இழந்த குழந்தைகளை உடனடியாகப் பேணுவதில் அரசும் மக்களும் காட்டிய விரைவிற்கு எடுத்துக்காட்டாகும். அதேவேளை பராமரிப்பின் கால எல்லையையும் இது உணர்த்துகிறது. பேரலை வந்த நாளில் பத்து வயதினராய் இருந்தவர் 2012ஆம் ஆண்டிலேயே 18 வயதை எட்டிவிட்டார். அன்று கைக்குழந்தையாய் இருந்தவர் 2022ஆம் ஆண்டில் 18 வயதையும், 2025ஆம் ஆண்டில் பிற்காப்பின் பொது வரம்பாகிய 21 வயதையும் கடந்துவிட்டார். நிவாரணத்திற்கு வந்த உதவிகள் குழந்தைகளை முன்னிறுத்தி வந்தவை. அக்குழந்தைகள் வளர்ந்தோராகித் தொழில், திருமணம், வீடு ஆகியவற்றை எதிர்கொண்டபோது, பேரலை பழைய செய்தியாகிவிட்டிருந்தது.

இந்தப் பட்டறிவு பின்னாளைய திட்டங்களிலும் தென்படுகிறது. கொரோனா பெருந்தொற்றில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு வைக்கப்பட்டு, 18 வயதில் வட்டியுடன் வழங்கப்படும் எனத் தமிழக அரசு 2021 மே மாதத்தில் அறிவித்தது. 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட அன்புக் கரங்கள் திட்டம், உறவினரிடம் வளரும் ஆதரவற்ற குழந்தைகளுக்கு 18 வயது வரை பள்ளிக்கல்வியைத் தொடர மாதம் 2,000 ரூபாய் வழங்குவதற்கானது.

முதன்மைக் கோரிக்கைகள்

பராமரிப்பில் வளர்ந்தோர் இந்தியாவில் முன்வைக்கும் கோரிக்கைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அடையாள ஆவணங்கள்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவை இல்லத்தில் இருக்கும்போதே பெற்றுத் தரப்பட வேண்டும். இல்லத்தின் முகவரியில் பெற்ற அட்டை, வெளியேறிய பின் முகவரி மாற்றத்திற்கு வேறு சான்றைக் கேட்கும். தமிழகத்தில் பெயரின் தலைப்பெழுத்தும் ஒரு சிக்கலாகிறது. தந்தை பெயர் அறியாதவரிடம் ஒவ்வொரு விண்ணப்பமும் அதனையே முதலில் கேட்கிறது. மணமாகாத தாய், தந்தையின் பெயரைக் கூறாமலே குழந்தையின் காப்பாளராகலாம் என உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் திருத்தப்பட்ட கடவுச்சீட்டு விதிகள், பிறந்த நாளுக்குச் சான்று இல்லாத ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லத் தலைவரின் உறுதிமொழியை ஏற்கின்றன.

சாதிச் சான்றிதழ்: கல்வி உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் இது தேவைப்படுகிறது. பெற்றோரின் சான்றிதழைக் காட்டியே இதனைப் பெறும் நடைமுறை, அவர்களை அறியாதவர்களைப் புறந்தள்ளுகிறது.

உறைவிடம்: அரசின் பிற்காப்பு நிலையங்கள் சிலவே உள்ளன. தனியாக வாடகை வீடு தேடும் இளையோரிடம், சொந்த ஊரும் பெற்றோரும் முதலில் வினவப்படுவது வழக்கமாகும். பெண்களுக்கு இது மேலும் கடினமானதாகும்.

உயர்கல்வி: பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் காலமும் இல்லத்தை விட்டு வெளியேறும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. கல்லூரியில் சேர வேண்டிய வேளையில் உறைவிடம் தேட நேர்கிறது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) ஆகிய தமிழகத் திட்டங்கள், தகுதியுடைய இல்லத்து மாணவர்களுக்கும் பயன்படக்கூடியவை.

பிற்காப்பு உரிமை: பிற்காப்பு, அரசு விரும்பினால் அளிக்கும் உதவியாக அல்லாமல் கட்டாயக் கடமையாக்கப்பட வேண்டும். நடுவண் அரசின் வாத்சல்யா இயக்கத்தின்கீழ் இதற்கு மாதம் 4,000 ரூபாய் வரையறுக்கப்பட்டுள்ளது.

முடிவெடுப்பில் பங்கு: குழந்தைகள் குழுக்கள் பெயரளவில் அமையாமல் செயற்பட வேண்டும். மேற்பார்வைக் குழுக்களில் பராமரிப்பில் வளர்ந்தோருக்கும் இடம் வேண்டும்.

இல்லமா, குடும்பமா?

இல்லங்களைக் குறைத்துக் குடும்பப் பராமரிப்பை வளர்க்க வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கொள்கையாகும். நடுவண் அரசு 2016ஆம் ஆண்டில் வளர்ப்புக் குடும்பத்திற்கான மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2024ஆம் ஆண்டில் அவற்றைத் திருத்தியது. திருத்தத்தின்படி மணமாகாதவர்களும் தனித்து வாழ்வோரும் குழந்தையை வளர்க்க முன்வரலாம். இரண்டாண்டுகள் வளர்த்தபின் தத்தெடுக்கவும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் குழந்தையின் கருத்தைக் கேளாமல் செய்யப்படும் மாற்றமும் தீங்காகலாம் என்பது இயக்கத்தினரின் வாதமாகும். 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களின் இல்லங்களில் உள்ள குழந்தைகளை 100 நாட்களுக்குள் குடும்பங்களுக்கு அனுப்புமாறு அறிவுறுத்தியது. ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் தனித்தனியாக ஆராயாமல் நாட்கணக்கு குறிப்பது சரியன்று எனக் குழந்தை உரிமை ஆர்வலர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் வீடு திரும்பிய குழந்தைகளின் கல்விக்காக மாதம் 2,000 ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது.

வரம்புகளும் விமர்சனங்களும்

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடை செய்கிறது. குழந்தையின் பாதுகாப்பிற்கு இது இன்றியமையாதது. ஆயினும் இல்லத்தில் இருக்கும்போது துணிந்து பேசிய சிறுவர்கள் வரலாற்றில் பெயரின்றியே மறைய இதுவும் ஒரு காரணமாகிறது. பதிவாகியுள்ள குரல்கள் பெரும்பாலும் 18 வயதைக் கடந்தவர்களுடையவை.

வெளியேறியோர் தம் கடந்த காலத்தை மறைக்க விரும்புவதும் உண்டு. திருமணத்திலும் பணியிடத்திலும் 'இல்லத்தில் வளர்ந்தவர்' என்ற அடையாளம் இழிவாகப் பார்க்கப்படுவதால், அந்த அடையாளத்தின் பேரில் ஒன்றுதிரள்வது எளிதாக அமைவதில்லை. மேலும் இந்திய வலையமைப்புகள் பலவும் தொண்டு நிறுவனங்களின் துணையால் உருவானவை. உதவி அளிக்கும் நிறுவனத்தையே குறை கூற வேண்டிய சூழலில் அவை எவ்வளவு தன்னுரிமையுடன் இயங்க இயலும் என்ற வினாவும் எழுப்பப்படுகிறது.

இட ஒதுக்கீட்டின் எல்லை குறித்தும் கருத்து வேறுபாடு உள்ளது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கே அது உரியது என்பது ஒரு சாராரின் நிலைப்பாடாகும். பெற்றோர் இருந்தும் இல்லத்திலேயே வளர்ந்தவர், வெளியேறும் நாளில் அதே வெறுமையைத்தான் எதிர்கொள்கிறார் என்பது மறுசாராரின் வாதமாகும். தமிழகப் பட்டியலில் உள்ள பத்து வயது வரம்பும் இவ்விவாதத்திற்கு உட்பட்டதே ஆகும்.

இச்சிக்கல்களுக்கு இடையிலும், இல்லத்தில் வளர்ந்தவர்கள் உதவி பெறுவோராக மட்டும் இல்லாமல் சட்டத்தையும் கொள்கையையும் பற்றிக் கருத்துரைப்போராக மாறியிருப்பது இவ்வியக்கத்தின் முதன்மைப் பயனாகக் கருதப்படுகிறது.